கறுத்த கோதுமை

எங்கள் வாரபின் வட்டாரத்தில் அந்த வருஷம் கோதுமை கறுத்துப்போனது. அறுவடை இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துத் தயாராக நிறுத்திய வாரத்தில் மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. மெரிங்கோ ஆறு கரையை உடைத்துக்கொண்டு தாழ்ந்த வயல்களில் போய்ப் படுத்துக்கொண்டது. தண்ணீர் வடிந்தபோது கதிரிலேயே மணி முளைத்துக் கிடந்தது. மிஞ்சியதை அறுத்துப் பார்த்தால் சாம்பல், பழுப்பு, கறுப்பு. மாட்டுக்குப் போடலாம், அதுவும் மாடு பெரிய மனசு பண்ணினால்.

மற்ற ஊர்க்காரர்கள் இதற்கு அழுதுவிட்டு அடுத்த விதைப்பைப் பார்ப்பார்கள். எங்களுக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. ஈஸ்டர் சமயத்தில் தலைநகரத்தில் பெரிய விவசாயக் கண்காட்சி நடக்கும். ஒவ்வொரு வட்டாரமும் தன் விளைச்சலைச் சுவர் உயரத்துக்கு அடுக்கிக் காட்ட வேண்டும். பறங்கி, ஆப்பிள், கம்பளி, தேன், ஜாம் எல்லாம் படிப்படியாக இருக்கும். நடுவில் தானியத்தை மணிமணியாய் ஒட்டிச் செய்த பெரிய படம் ஒன்று. வட்டாரத்தின் மானமே அந்தப் படத்தில்தான் இருக்கிறது. ஒரு மணிகூட வெளியூரில் விளைந்ததாக இருக்கக்கூடாது. எங்கள் படம் எப்போதும் ஒன்றுதான்: பொன்னிறக் கோதுமை வயல், ஓரத்தில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஷெட். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அதே ஷெட். கதவு மட்டும் ஒரு வருஷம் இடப்பக்கம் இருக்கும், ஒரு வருஷம் வலப்பக்கம் இருக்கும்.

அந்த வருஷம் பொன்னிறத்துக்கு எங்கே போவது? அதைப் பேசத்தான் குழு கூடியது.

குழுவுக்குத் தலைவர் லையல் கெஸல். பக்கத்துப் பண்ணைக்காரர், அதிகம் பேசாதவர். அவருக்கு அடுத்தபடி க்ளெனிஸ் ஹார்கன். தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவள். வாழ்க்கையையும் அப்படியே எடை போடுவாள். மரச்சட்டங்களும் பலகைகளும் நெவில் பாடு. ஜாமும் ஊறுகாயும் என் பாடு, என் சீமை மாதுளை ஜாமுக்கு நிகர் இந்த மாகாணத்தில் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். என் பெயர் வெர்னா.

லையலின் மனைவி ரோவேனாவும் குழுவில் இருந்தவள்தான். முந்தின வருஷம் ஆப்பிள்களை அவள் பொறுப்பில் விட்டிருந்தோம். குளிர் அறைக்குள் போனவளுக்கு ஆப்பிளை நிறவாரியாக அடுக்கினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அதற்குக் கூடை எடுக்க வெளியே வந்திருக்கிறாள். வழியில் நெவிலின் பலகை கோணலாகத் தெரிய, அதைப் பற்றி அவனிடம் பேசப் போய்விட்டாள். அறைக் கதவு இரவெல்லாம் திறந்தே கிடந்தது. கண்காட்சியில் எங்கள் ஆப்பிள்கள் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தன. கடைசி இடம்.

ஊர் திரும்பியதும் க்ளெனிஸ் சொன்னாள், "இனி அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்." லையல் அன்று வீட்டுக்குப் போய்த் தானே மனைவியிடம் சொன்னார். நான் ஜாடி திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன், அதனால் என் காதிலும் விழுந்தது.

"இனிமே நீ டீ மட்டும் பாத்துக்கோ, ரோ."

"சரி," என்றாள் ரோவேனா.

ரோவேனா எதற்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவள் இல்லை. ஒரு சங்கதியை ஆரம்பித்தால் அது ஏழு சந்தில் புகுந்து எட்டாவது தெருவில் வெளியே வரும். அவள் 'சரி' என்று மட்டும் சொன்னதில் லையலுக்கு முகம் செத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு உப்பு எடு, கதவைச் சாத்து என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. கல்யாணம் முறியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவள் அப்படியே வாயடங்கிப் போய்விடுவாளோ என்று பயந்தேன். அது எனக்கு அதைவிட மோசமாகப் பட்டது.

அவளுக்கு ஏடிஎச்டி என்று டாக்டர் சொல்லிச் சில வருஷம் ஆகியிருந்தது. முதலில் மகளுக்குத்தான் பார்த்தார்கள். டாக்டர் கேள்வி கேட்கக் கேட்க, மகளுக்கு முன்னால் அம்மா பதில் சொல்லியிருக்கிறாள். "உங்களையும் பாத்துடலாமே," என்றாராம் டாக்டர். கவனம் சிதறும், ஒன்றில் பிடித்துவிட்டால் அப்புறம் பெயர்க்க முடியாது, மறதி இருக்கும். ரோவேனா மளிகைக் கடையில் நின்று ஊருக்கே சொன்னாள்.

"எனக்கும் ஒரு மாத்திர வாங்கிக் குடு," என்றான் நெவில். "என் பொண்டாட்டி பேசறது காதுல விழ மாட்டேங்குது."

"அதுக்கு மாத்திர இல்ல நெவில். அது வேற வியாதி."

கூட்டம் கண்காட்சி மைதானத்து ஷெட்டில் நடந்தது. சித்திரை வெயிலுக்கு நிகரான எங்கள் பிப்ரவரி வெயில், தகரக் கூரை, ஈ. தன் வயல் எவ்வளவு மோசம் என்று காட்ட ஒவ்வொருவரும் ஒரு ஜாடியில் தானியம் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தோம். யாரும் அவற்றை நேராகப் பார்க்கவில்லை. கண்காட்சிக்கு எங்கள் ஊரில் சிறந்ததை மட்டும்தான் எடுப்போம். சொத்தைப் பறங்கியை வண்டியில் ஏற்றினால்கூடத் துணி போட்டு மூடுகிற ஜனங்கள் நாங்கள்.

"இந்த வருஷம் போக வேண்டாம்," என்றாள் க்ளெனிஸ். "பழைய வெத கோதுமைய சுரண்டி எடுத்தாலும் ஒரு மூலைக்குத்தான் வரும். நம்ம கஷ்டத்த கொண்டுபோய்க் கடற்கரைக்காரங்க முன்னாடி விரிச்சுக் காட்டணுமா?"

கடற்கரைக்காரர்கள் என்றால் பக்கத்து மண்டலக் குழு. அன்னாசி, வாழை, மக்கடேமியாக் கொட்டை என்று அவர்களிடம் இயற்கையே வண்ணம் பூசிக் கொடுத்திருக்கும். வருஷா வருஷம் எங்களைப் பார்த்து இரக்கமாகச் சிரிப்பார்கள்.

"போகாம இருந்ததே இல்லியே," என்றான் நெவில்.

"கடைசி எடத்துக்கும் தான் போனதே இல்ல. போன வருஷம் போனோமே."

அந்த நேரம் பார்த்து ரோவேனா டீத்தட்டோடு உள்ளே வந்தாள். எல்லோரும் தட்டிலிருந்த ஸ்கோன் ரொட்டி மீது கவனத்தைத் திருப்பினோம். அவள் தட்டை வைக்க இடம் தேடி ஜாடிகளை நகர்த்தினாள். நகர்த்திய கை ஒரு ஜாடியில் நின்றது. மூடியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தாள்.

"இது யாருது?"

"என்னுது," என்றான் நெவில். "பாக்காத. வெக்கமா இருக்கு."

"பாலத்துக்கு அந்தப் பக்கம்தான?"

"ஆமா. தண்ணி கடைசியா வடிஞ்ச எடம்."

"அதான் இவ்வளவு கறுப்பு. வெர்னா, ஒன்னுது?"

"மேட்டு நெலம். சும்மா பழுப்பாதான் இருக்கும்."

அவள் என் ஜாடியையும் கவிழ்த்தாள். அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகக் கொட்டி உள்ளங்கையால் ஒதுக்கினாள். கறுப்பு ஒரு வளைவாகப் போனது, அதன் இரு பக்கமும் சாம்பல், அதற்கு மேலே பழுப்பு, மேசையின் ஓரத்தில் யாரோ கொண்டுவந்த கைப்பிடி வெளுத்த மஞ்சள். வெளியே வைத்த கெட்டில் கொதித்து அலறிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. நான் போய் அணைத்துவிட்டு வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

மேசையில் எங்கள் ஊர் கிடந்தது. மெரிங்கோ வளைந்து வந்து, பாலத்தருகே உடைத்துக்கொண்டு, எந்த வயலில் எவ்வளவு ஆழம் நின்றதோ அந்த ஆழத்துக்கு ஏற்ற நிறத்தில். அவள் வரையவில்லை. தண்ணீரே ஒவ்வொரு வயலிலும் வந்து நிறம் போட்டுவிட்டுப் போயிருந்தது. இத்தனை வாரம் அந்தத் தானியத்தை அள்ளிக் கொட்டிய எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

"அவங்கவங்க வெளச்சல அவங்கவங்க எடத்துலயே ஒட்டணும்," என்றாள் ரோவேனா. ஒரு வருஷமாக அடைத்து வைத்திருந்தது மொத்தமாக வந்தது. "மேல கம்பளியில மேகம். இல்ல, மழைய நூல்ல தொங்க விடலாம். ஆடுங்க கூரமேல ஏறி நின்னுதே, அதுக்கு வெள்ளச் சோளம். கரையில மரத்துக்கு பட்டாணித் தோலு. கீழ நெஜமாவே தண்ணி விட்டு, அதுல வாத்து..."

"வாத்து வேண்டாம்," என்றாள் க்ளெனிஸ்.

அது அவளே எதிர்பாராமல் சொன்ன வார்த்தை என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று அவள் சொன்னது வாத்தை மட்டும்தான்.

உடனே சமாளித்துக்கொண்டாள். "கெட்டுப்போன தானியத்த கண்காட்சிக்கு யாராவது கொண்டுபோவாங்களா? நடுவருங்க சிரிப்பாங்க. அதோட, இவ பாதியில விட்டுட்டுப் போயிடுவா. அப்ப என்ன பண்றது லையல்? நீ தலைவரு. சொல்லு."

லையல் திரும்பி வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தோம். தன் பிக்கப் வண்டியிலிருந்து ஒரு ஜாடியோடு திரும்பி வந்தார். எல்லோரும் ஜாடி வைத்தபோது அவர் மட்டும் வைக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். எல்லாவற்றையும்விடக் கறுப்பு அதுதான்.

"நம்ம வயலு எங்க வரும், ரோ?" என்று கேட்டார்.

"இங்க," என்றாள் அவள். "வளைவுக்கு உள்ள." ஜாடியை வாங்கி அந்த இடத்தில் கவிழ்த்தாள். அவர் அங்கேயே பக்கத்தில் நின்றுகொண்டார்.

க்ளெனிஸ் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். "மெதுவா மொதல்லேர்ந்து சொல்லு."

"மெதுவா சொன்னா எனக்கே மறந்துடும்."

"சரி, நீ கொட்டு. நான் பொறுக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த வாரங்கள் சுகமாகப் போயின என்று பொய் சொல்ல மாட்டேன். ரோவேனா ஒரு நாளைக்குப் பத்து யோசனை சொல்வாள். ஒன்பது உருப்படாது, அதில் இரண்டு தீப்பிடிக்கக்கூடியவை. பத்தாவது யாருக்கும் வந்திருக்காது. அந்தப் பத்தாவது எது என்று அவளுக்கே தெரியாது, க்ளெனிஸுக்குத்தான் தெரியும். பண்ணை பண்ணையாகப் போய்த் தானியம் கேட்கும் வேலையை ரோவேனா எடுத்துக்கொண்டாள். ஹெக்டர் பாய்ட் என்று ஒரு முரட்டுக் கிழவர், வாசலிலேயே மறித்தார். "என் அவமானத்த ஒட்டி ஊருக்குக் காட்டப் போறியா?" என்று கேட்டிருக்கிறார். அவள் தானியப் பேச்சையே விட்டுவிட்டு அவருடைய பழைய பம்பு செட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டாள், நிஜமாகவே அது அவளுக்குப் பிடித்துவிட்டது. பொழுது சாய ஒரு மூட்டையோடு அனுப்பி வைத்தாராம். அந்த மூட்டையை வேறொரு பண்ணையின் கேட் அருகே வைத்து மறந்துவிட்டு வந்தாள். லையல் போய் எடுத்து வந்தார். வழக்கமாக இதற்கு ஒரு முணுமுணுப்பு இருக்கும், அன்று இல்லை.

பசை பூசி, இடுக்கியால் மணியை எடுத்து வைத்து, அழுத்த வேண்டும். முதுகு போய்விடும். ஆற்று வளைவை ரோவேனா ஒரே மூச்சில் ஒட்டினாள். சாப்பிடக் கூப்பிட்டால் திரும்பவில்லை. லையல் ஆட்டிறைச்சி சாண்ட்விச்சைப் பிய்த்துப் பிய்த்து அவள் வாயில் வைத்தார், அவளும் மென்றாள், என்ன தின்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு மணியையும் தண்ணீர் ஓடும் திசைக்குச் சாய்த்து வைத்திருந்தாள். தள்ளி நின்று பார்த்தால் ஆறு நகர்ந்தது. நெவில் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

மறுநாள் ஆற்றில் கை அகலம் பாக்கி இருக்கும்போது அவளுக்கு அது அலுத்துவிட்டது. எழுந்து கம்பளி மேகத்துக்குப் போய்விட்டாள்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றாள் க்ளெனிஸ் என்னிடம். சொல்லிக்கொண்டே ரோவேனாவின் முக்காலியில் உட்கார்ந்து மிச்சத்தை ஒட்டினாள். அதே சாய்வு, அதே திசை. "ஆரம்பிக்கறது இவ, முடிக்கறது நான். என் தலையெழுத்து."

"நீ ஆரம்பிச்சா ஷெட்டுதான வரும்," என்றேன்.

"ஜாம கிண்டற வேலையப் பாரு."

ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை. பாதியில் எழுந்துபோன இடங்களை அவள் தேடித் தேடி முடித்துக்கொண்டிருந்தாள். ரோவேனாவும் எழுந்து போகுமுன் "க்ளெனிஸ், இது ஒனக்கு" என்று சொல்லப் பழகினாள். சில நாள் நினைவிருக்கும், சில நாள் இருக்காது.

பலகைகளைக் கட்டும் பொறுப்பு க்ளெனிஸுடையது. மணி உதிரக்கூடாது என்று ஒவ்வொரு பலகையையும் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் சுற்றினாள். மூன்று சுற்று, ஓரமெல்லாம் டேப். அவ்வளவு அழகாக யாரும் சுற்ற முடியாது. கடைசியில் ஒட்டிய பலகைகளில் பசை இன்னும் உள்ளே காயவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. தலைநகரத்தில் சரக்கு இறக்க எங்கள் முறை வரும்வரை லாரி மூன்று நாள் வெயிலில் நின்றது.

கண்காட்சிக் கூடத்தில் தாளைப் பிரித்தோம். முதல் பலகை நன்றாக இருந்தது. இரண்டாவதும். ஆற்றங்கரைப் பலகையைப் பிரித்தபோது ஆவி அடித்தது, வெந்த கஞ்சி வாசனை வந்தது. ஆற்றின் கரையோரத்துக்கு மட்டும் கோதுமை போதாமல், வெள்ளத்தில் நனையாத எங்கள் வாற்கோதுமை விதையை ஒட்டியிருந்தோம். அது முழுக்க முளைத்திருந்தது. விரல் நகம் நீளத்துக்கு வெள்ளையும் பச்சையுமாக முளை, ஒரு மணி விடாமல்.

நடுவர்கள் வர இரண்டு நாள்தான் இருந்தது. திரும்ப ஒட்டத் தானியமும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் கடற்கரைக்காரர்கள் அன்னாசி அடுக்குவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

க்ளெனிஸ் ஒரு பறங்கிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் சுத்தினேன்," என்றாள். "மூணு சுத்து." அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. லையல் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

எங்கள் எல்லோரிலும் அமைதியாக இருந்தவள் ரோவேனா மட்டும்தான். கார் சாவியைக் காணோம் என்றால் வீட்டைத் தலைகீழாக்குகிறவளும் அவள்தான், கரை உடைந்த அன்று கன்றுகளை மேட்டுக்கு ஓட்டச் சொல்லி நிதானமாக ஆள் ஆளுக்கு வேலை பிரித்தவளும் அவள்தான். பலகைக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"யாரும் தொடாதீங்க. மொளச்சிருக்கு."

"தெரியுது ரோ," என்றார் லையல்.

"எங்க மொளச்சிருக்கு பாரு. ஆத்தங்கரையில மட்டும். தண்ணி வடிஞ்சப்புறம் நம்ம ஊருல மொதல்ல எங்க பச்ச வந்துச்சு?"

நெவில் மெல்லச் சொன்னான், "ஆத்தங்கரையிலதான். எங்க வயலு ஓரமா."

"அத நாம படத்துல வைக்கல. வெள்ளத்தோட நிறுத்திட்டோம். அது தானா வந்திருக்கு. விட்டுடுவோம். ரெண்டு நாளு தண்ணி தெளிச்சா புல்லு மாதிரி நிக்கும்."

"விதி இருக்கு," என்றான் நெவில். "எல்லாம் வட்டாரத்துக்குள்ள வெளஞ்சிருக்கணும். இது லாரியில வெளஞ்சது."

பெட்டிமேலிருந்து க்ளெனிஸ் நிமிர்ந்தாள். "வெத நம்மளுது. விதிய நான் படிச்சிருக்கேன்." எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அதிகமா தண்ணி தெளிச்சா பசை இளகிடும். நான் தெளிக்கறேன். நீ தெளிச்சா பாதியில எங்கயாவது போயிடுவ."

"போயிடுவேன்," என்றாள் ரோவேனா. "ஆப்பிள பத்தி நான் ஒண்ணும் சொல்லல, கவனிச்சியா?"

"கவனிச்சேன்," என்றாள் க்ளெனிஸ். "ரொம்ப நன்றி."

இரண்டு நாளும் அவள் தெளிப்பானைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. ஈரத்துணியால் விளிம்பை ஒற்றுவாள், சாய்ந்த முளையை இடுக்கியால் நிமிர்த்துவாள். நடுவர்கள் வந்த காலையில் கறுத்த ஆற்றின் இரண்டு கரையிலும் நிஜப் பச்சை நின்றது.

ஊரிலிருந்து ஜனங்கள் பேருந்து பிடித்து வந்திருந்தார்கள். வந்தவர்கள் பரிசைப் பற்றிக் கேட்கவில்லை. ஆளாளுக்கு விரலை நீட்டித் தன் வயலைத் தேடினார்கள். ஹெக்டர் கிழவர் நகரத்துக் குடும்பம் ஒன்றை நிறுத்தி வைத்து, "இந்தச் சாம்பல் துண்டு இருக்கே, இது என்னுது, இடுப்பளவு தண்ணி," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் நகர்ந்ததும் அடுத்த குடும்பத்தைப் பிடித்தார். வெளியே சொல்ல வெட்கப்பட்ட தானியத்தை ஒரு கூடம் நிறைய ஜனம் நின்று பார்த்தது. என் ஜாமை யாரும் பார்க்கவில்லை, அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

தலைமை நடுவர் வெகு நேரம் நின்றார். முளையைக் குனிந்து பார்த்தார். "இந்த யோசனை யாருடையது?" என்று கேட்டார்.

இதற்கு எங்களிடம் ஒரே பதில்தான். தனி ஆள் பெயரைச் சொல்லும் வழக்கம் எந்தக் குழுவிலும் கிடையாது. தலைவர் 'வட்டாரத்துடையது' என்பார், நடுவர் தலையசைத்துப் போவார். லையல் வாயைத் திறந்தார், மூடினார். சொந்த மனைவியின் பெயரை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ரோவேனா கெஸலுடையது," என்றாள் க்ளெனிஸ். "நாங்க எல்லாரும் ஒட்டினோம். ஆனா யோசனை அவளோடது."

"எங்கே அவர்?"

திரும்பிப் பார்த்தோம். ரோவேனா இல்லை.

படத்துக்கு நீலப் பட்டை கிடைத்தது, முதல் பரிசு. மொத்தத்தில் இரண்டாம் இடம். எங்கள் ஆப்பிளையும் பறங்கியையும் வெள்ளம் விட்டுவைத்த அளவுக்கு அது அதிகம்தான். பட்டையை மாட்டும்போதும் அவளைக் காணோம். நானும் லையலும் க்ளெனிஸும் தேடிப் போனோம். கோழிக் கூண்டுகளில் இல்லை. ஆட்டுக் கொட்டகையில் இல்லை. திரும்பி வரும்போது நெவில் கையைக் காட்டினான்.

கடற்கரைக்காரர்களின் அடுக்கில், ஏணி உச்சியில், மடி நிறைய மக்கடேமியாவோடு நின்றிருந்தாள். கீழே அவர்களுடைய ஆட்கள் வரிசையாக நின்று அவள் கேட்கக் கேட்க வாழைத்தார் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போட்டி முடிந்துவிட்டது, இனிமேல் அடுக்கி என்ன பிரயோசனம் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர்களுடைய தலைவர் லையலைப் பார்த்துச் சிரித்தார். இந்த முறை அது இரக்கச் சிரிப்பு இல்லை. "இந்த அம்மா ஒங்க ஆளா? அஞ்சு நிமிஷத்துல எங்க அன்னாசிய எல்லாம் தல கீழா வச்சிட்டாங்க. நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருஷம் எங்களோட வர்றீங்களான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

ரோவேனா அப்போதுதான் எங்களைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் மாறியது. எதையோ திறந்து போட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று தேடுகிற அந்தப் பழைய பார்வை. "என்ன ஆச்சு? நான் எதாவது மறந்துட்டேனா?" என்றாள்.

லையல் ஏணியைப் பிடித்துக்கொண்டார். க்ளெனிஸ்தான் முன்னால் போய்க் கடற்கரைத் தலைவரிடம் சொன்னாள்.

"அது எங்க ஆளு. தர மாட்டோம்."